அந்நியர் மனமும் இரண்டு பகடைகளும்

மேசை மேல் ஓர் உலகம் (வரலாற்றுத் தொடர்): பகுதி 9

பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டங்களில், எதிரே வருபவர் நண்பரா பகைவரா என்பது ஆட்டக்காரர்களுக்குத் தெரியாமல் இருப்பது இயல்பு. ஆட்டத்தை நடத்தும் நடுவருக்கும் அது தெரியாமல் இருந்தது என்பதுதான் இந்த ஆட்டங்களின் தொடக்க காலத்து விசித்திரம்.

நிலவறையின் கதவு திறக்கும். உள்ளே யார், எத்தனை பேர், எவ்வளவு தொலைவில் என்பதை நடுவர் அறிவிப்பார். அவர்கள் வாளை உருவுவார்களா, வாய் திறந்து பேசுவார்களா? இரண்டு பகடைகளை உருட்டிய பிறகே நடுவருக்கும் விடை கிடைக்கும். 'ரியாக்‌ஷன் ரோல்' என்று ஆட்டக்காரர்கள் அழைக்கும் இந்த எதிர்வினை உருட்டல் எப்படிப் பிறந்தது, எதனால் பலம் பெற்றது, எந்த இடத்தில் சறுக்கத் தொடங்கியது என்பதே இந்த வாரப் பகுதி.

முன்கதைச் சுருக்கம்

1969இல் அமெரிக்காவின் மின்னியாபொலிஸ்-செயின்ட் பால் இரட்டை நகரத்தில் டேவிட் வெஸ்லி என்ற போர் ஆட்டக்காரர் 'பிரவுன்ஸ்டைன்' ஆட்டத்தை நடத்தினார். அவர் வழியைப் பின்பற்றி 1971இல் டேவ் ஆர்னசன் 'பிளாக்மூர்' உலகைப் படைத்தார். அதே ஆண்டு கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதிய 'செயின்மெயில்' என்ற இடைக்காலப் போர் ஆட்ட விதிநூல் வெளிவந்தது. 1973 அக்டோபரில் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவாவில் கைகாக்ஸும் டான் கேயும் சேர்ந்து டி.எஸ்.ஆர். நிறுவனத்தைத் தொடங்கினர். 1974 தொடக்கத்தில் மூன்று சிறு நூல்கள் அடங்கிய பெட்டியாக 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விற்பனைக்கு வந்தது. விலை 10 டாலர். முதல் பதிப்பு 1,000 பிரதிகள்.

◆

நடுவருக்கு வந்த சங்கடம்

போர் ஆட்டத்தில் முடிவெடுப்பது பகடையா, நடுவரின் அறிவா என்ற வழக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது.

1824இல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட 'கிரீக்ஸ்ஷ்பீல்' ஆட்டத்தில் மோதல்களின் விளைவைப் பகடையும் அட்டவணையும் தீர்மானித்தன. விதிகள் பெருகப் பெருக ஆட்டம் கனத்துப்போனது. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற இன்னொரு பிரஷ்ய அதிகாரி எதிர்த்திசையில் போனார். அனுபவமுள்ள நடுவர் தன் அறிவைக் கொண்டு சொல்லும் முடிவே போதும் என்பது அவர் வாதம்.

இரண்டு மரபுகளும் கடல் கடந்தன. அமெரிக்க ராணுவ அதிகாரி சார்லஸ் டாட்டன் 1880இல் 'ஸ்ட்ராட்டஜோஸ்' என்ற விதிநூலை எழுதினார். எதையும் முயலலாம், நடுவர் முடிவு சொல்வார் என்ற கருத்து அதில் இருந்தது. ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்து, மின்னசோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் வெஸ்லியின் கையில் கிடைத்தது அந்த நூல்தான்.

வெஸ்லியின் பிரவுன்ஸ்டைன் ஆட்டத்தில் அந்நியர் பற்றிய சிக்கல் பெரிதாக எழவில்லை. நெப்போலியன் காலத்துக் கற்பனை ஜெர்மானிய ஊர் அது. மேயர் ஒருவர், வங்கி உரிமையாளர் ஒருவர், பல்கலைக்கழக வேந்தர் ஒருவர் என்று ஊரின் முக்கியப் புள்ளிகள் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு ஆட்டக்காரர் ஏற்றிருந்தார். மேயர் என்ன நினைக்கிறார் என்று தெரிய வேண்டுமானால் மேயராக ஆடுபவரிடம் போய்ப் பேசினால் போதும். ஒவ்வொரு பாத்திரத்துக்குப் பின்னாலும் ஓர் ஆள் இருந்தார்.

நிலவறை வந்ததும் இந்த ஏற்பாடு உடைந்தது.

பிளாக்மூர் கோட்டையின் அடியில் அடுக்கடுக்காக அறைகள், அவற்றில் விதவிதமான உயிர்கள். ஆட்டக்காரர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து உள்ளே இறங்கினர். எதிரே வரும் அத்தனை பேருக்கும் மனம், குரல், நோக்கம் எல்லாம் கொடுக்க வேண்டிய பொறுப்பு நடுவர் ஒருவர் தலையில் விழுந்தது.

எல்லோரையும் பகைவராக்கினால் ஆட்டம் வெறும் கசாப்பாக முடியும். எல்லோரையும் நல்லவராக்கினால் ஆபத்து இல்லாமல் ஆட்டமே சப்பென்று ஆகிவிடும். ஆளைப் பார்த்து மாற்றி மாற்றி முடிவு செய்தால், நடுவர் ஓரவஞ்சனை செய்கிறார் என்ற பேச்சு கிளம்பும். நடுவர் நடுநிலையாக இருந்தாக வேண்டும்; அதே சமயம் எதிரிகளின் மூளையாகவும் இருந்தாக வேண்டும். இந்த இரண்டு வேலைக்கும் நடுவே ஒரு கருவி தேவைப்பட்டது.

கருவி ஏற்கெனவே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 'செயின்மெயில்' விதிகளில், இழப்பு மிகுந்த படைப்பிரிவு களத்தில் நிற்குமா, சிதறி ஓடுமா என்பதை இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை முடிவு செய்தது. மனிதக் கூட்டத்தின் மனநிலையைப் பகடையால் அளக்கும் வழக்கம் போர் ஆட்டக்காரர்களுக்குப் புதிதல்ல. ஓடுவதா நிற்பதா என்ற கேள்வி, அடிப்பதா பேசுவதா என்று மாற வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

◆

1974: ஒரே பெட்டியில் இரண்டு அட்டவணைகள்

1974 பெட்டியில் எதிர்வினை உருட்டல் ஒன்றல்ல, இரண்டு. இரண்டும் வெவ்வேறு நூல்களில், வெவ்வேறு வேலைக்காக இருந்தன.

முதல் அட்டவணை ஆள் சேர்ப்பதற்கு உரியது. ஆட்டக்காரர் ஊருக்குள் சத்திரங்களிலும் மதுக்கடைகளிலும் அறிவிப்பு ஒட்டி, அல்லது தூதரை அனுப்பி, துணைக்கு ஆள் தேடலாம். குறைந்தது 100 பொற்காசாவது காட்டினால்தான் ஒருவர் வேலைக்கு வர யோசிப்பார். பேரம் முடிந்ததும் ஆறுமுகப் பகடை இரண்டு உருளும். 2 விழுந்தால் வேலைக்கு வந்தவர் தாக்கவே முயல்வார். 3 முதல் 5 வரை என்றால் வெறுப்பு. 6 முதல் 8 வரை தயக்கம். 9 முதல் 11 வரை சம்மதம். 12 விழுந்தால் உற்சாகமாகச் சேர்வார். அவருடைய விசுவாச எண்ணில் 3 கூடும்.

இரண்டாவது அட்டவணை மூன்றாம் நூலில், நிலவறையிலும் காட்டிலும் நடக்கும் பயணத்துக்கான விதிகளோடு வருகிறது. அறிவுள்ள உயிர்கள் எதிர்ப்பட்டால் இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். 2 முதல் 5 வரை எதிர்ப்பு, 6 முதல் 8 வரை தயக்கம், 9 முதல் 12 வரை ஆதரவு. கொடுக்கும் கையூட்டு, எதிராளியின் அச்சம், இரு தரப்பும் ஒழுங்கின் பக்கமா குழப்பத்தின் பக்கமா என்ற சார்பு ஆகியவற்றைப் பார்த்து நடுவர் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

மொத்தம் மூன்றே வரிகள். ஆனால் அந்த மூன்று வரிகள் ஒரு பெரிய கதவைத் திறந்தன. நிலவறையில் வசிப்பவர்கள் வெட்டப்படுவதற்காகவே நிற்கும் பொம்மைகள் அல்லர். பேசலாம், பேரம் பேசலாம், பணம் கொடுத்து வழி கேட்கலாம் என்பதை விதியே சொல்லிவிட்டது.

பாத்திரத்தின் இயல்புகளை அளக்கும் பண்பெண்களில் ஆறாவதான 'வசீகரம்' இடம்பெற்றதும் அந்தப் பெட்டியில்தான். மூன்று பகடைகளின் கூட்டுத்தொகையாக 3 முதல் 18 வரை அது அமையும். ஒருவர் எத்தனை தனித் துணையாட்களை வைத்துக்கொள்ளலாம் என்பதும், அவர்கள் எவ்வளவு விசுவாசமாக இருப்பார்கள் என்பதும் அதைப் பொறுத்தவை. சூனியக்காரியிடம் சிக்கிய பாத்திரத்தை அவள் பன்றியாக்குவாளா, மயக்கித் தன் காதலனாக வைத்துக்கொள்வாளா என்பதைத் தீர்மானிக்கவும் இதே எண்ணைப் பயன்படுத்தலாம் என்று நூல் யோசனை சொன்னது.

வாளை வீசுவதில் வசீகரத்துக்கு எந்தப் பங்கும் இல்லை. அது முழுக்க முழுக்க மற்றவர் மனத்தைப் பற்றிய எண். ஆனால் அந்நியர் எதிர்ப்படும் மூன்று வரி அட்டவணையோடு அது இன்னும் முறையாக இணைக்கப்படவில்லை. அந்த இணைப்புக்கு இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

◆

36 வழிகள்

இரண்டு பகடைகள் என்ற தேர்வுதான் இந்தக் கருவியின் உயிர்நாடி.

ஒரே பகடையை உருட்டினால் ஒவ்வொரு எண்ணுக்கும் சம வாய்ப்பு. இரண்டை உருட்டிக் கூட்டினால் அப்படி இல்லை. மொத்தம் 36 வழிகளில் பகடைகள் விழலாம். அவற்றில் 7 வர 6 வழிகள் உண்டு. 2 வர ஒரே வழி. 12 வரவும் ஒரே வழி.

பின்னாளில் நிலைபெற்ற ஐந்து படி அட்டவணைக்கு இதைப் பொருத்தினால் கணக்கு இப்படி வரும். உடனடித் தாக்குதல் 36இல் 1. பகைமை 36இல் 9. தயக்கம் 36இல் 16. சமாதானம் 36இல் 9. முழு நட்பு 36இல் 1.

அதாவது, முன்பின் தெரியாத ஓர் அந்நியர் பெரும்பாலும் தயங்குவார். எடுத்த எடுப்பில் வெட்ட வருவதும், எடுத்த எடுப்பில் தோளில் கைபோடுவதும் சம அளவில் அபூர்வம். வாழ்க்கையில் பேருந்து நிறுத்தத்தில் அறியாதவரிடம் வழி கேட்டால் கிடைக்கும் அனுபவம் ஏறக்குறைய இதுவே.

தயக்கம்தான் ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்த வெகுமதி. எதிராளி தயங்கும் அந்தச் சில நொடிகளில் அவர்கள் ஏதாவது செய்ய முடியும்: ஆயுதத்தைத் தாழ்த்தலாம், காசுப்பையைக் குலுக்கலாம், எதிராளியின் மொழியில் இரண்டு வார்த்தை பேசலாம். அதைப் பார்த்து நடுவர் மறுபடி உருட்டுவார். பகடை தொடங்கிவைத்த உரையாடலை மனிதர்கள் முடித்துவைத்தார்கள்.

இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகையில் 1 கூடினாலோ குறைந்தாலோ விளைவு வெகுவாக மாறும் என்பது இன்னொரு வசதி. சிறிய சலுகைகூட ஆட்டக்காரருக்குக் கண்கூடாகத் தெரியும்.

◆

நட்சத்திரங்களுக்கு நடுவே, நூற்றுமானத்தின் பாதையில்

1977இல் இந்த யோசனை நிலவறையை விட்டு விண்வெளிக்குப் போனது. இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜி.டி.டபிள்யூ. நிறுவனம் வெளியிட்ட 'டிராவலர்' ஆட்டத்தில் மார்க் மில்லர் அதே இரண்டு பகடைகளைப் பயன்படுத்தினார். ஆனால் 2 முதல் 12 வரை ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனி மனநிலை கொடுத்தார். 2 விழுந்தால் வன்முறையும் உடனடித் தாக்குதலும். 7 விழுந்தால் பிடிகொடுக்காத பேச்சு. 12 விழுந்தால் மெய்யான நட்பு. இடையிலே ஆர்வம், ஈடுபாடு, உற்சாகம் என்று படிப்படியாக ஏறும் படிக்கட்டு. துறைமுகக் காவலர், சரக்கு வணிகர், சுங்க அதிகாரி என்று மனிதர்களையே பெரும்பாலும் சந்திக்கும் ஆட்டத்துக்கு இந்த நுணுக்கம் பொருந்தியது.

டி.எஸ்.ஆர். நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. அதே 1977இல், தொழில்முறையில் நரம்பியல் மருத்துவரான எரிக் ஹோம்ஸ் புதியவர்களுக்கான எளிய பதிப்பைத் தொகுத்தார். எதிர்வினை அட்டவணை அதிலும் இடம்பெற்றது. இன்னொரு பக்கம், கைகாக்ஸ் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 'அட்வான்ஸ்டு' வரிசையை எழுதிக்கொண்டிருந்தார். 1978இல் ஆட்டக்காரர் கையேடும் 1979இல் நடுவர் கையேடும் வெளிவந்தன.

கைகாக்ஸ் இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகையைக் கைவிட்டு, 01 முதல் 00 (அதாவது 100) வரை எண் தரும் நூற்றுமானத்துக்கு மாறினார். 01 முதல் 05 வரை கடும் பகையும் உடனடித் தாக்குதலும். 96 முதல் 00 வரை உற்சாகமான நட்பு. நடுவில் ஐந்து படிகள். வசீகரத்துக்கும் எதிர்வினைக்கும் நேரடி இணைப்பு இங்கே முழுமை பெற்றது. வசீகரம் 18 உள்ளவருக்கு 35 சதவீதம் கூடும். 3 உள்ளவருக்கு 25 சதவீதம் குறையும்.

அந்த எண்களின் விளைவு கடுமையானது. வசீகரம் 18 உள்ளவர் எவ்வளவு மோசமாக உருட்டினாலும் கூட்டுத்தொகை 36க்குக் கீழே போகாது. அவர் முன்னால் வெளிப்படையான பகை என்பதே இல்லாமல் போகிறது. வசீகரம் 3 உள்ளவர் என்ன செய்தாலும் 75ஐத் தாண்ட முடியாது. அவருக்கு முழு நட்பு எட்டாத கனி. பகடை உருளும் முன்பே பாதி தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

இது முதல் எச்சரிக்கை. பண்பெண்ணுக்கு அளவு மீறிய பலம் தந்தால் பகடை வெறும் சடங்காகிவிடும். ஆனால் அந்த எச்சரிக்கையை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

◆

1981: ஹாப்காப்ளின்களின் அறை

1981இல் டாம் மோல்ட்வே எளிய பதிப்பை முழுவதுமாகத் திருத்தி எழுதினார். எதிர்வினை உருட்டல் தன் மிகத் தெளிவான வடிவத்தை அடைந்தது அப்போதுதான்.

மோல்ட்வே மறுபடி இரண்டு பகடைகளுக்கே திரும்பினார். ஐந்து படிகள்: 2 என்றால் உடனடித் தாக்குதல், 3 முதல் 5 வரை பகைமை, தாக்கவும் கூடும், 6 முதல் 8 வரை குழப்பம், 9 முதல் 11 வரை தாக்குதல் இல்லை, விலகிப்போகும் அல்லது பேச்சைக் கேட்கும், 12 என்றால் உற்சாகமான நட்பு.

வசீகரத்தின் பலத்தையும் அவர் அடக்கமாக வைத்தார். 18 உள்ளவருக்கு 2 கூடும். 13 முதல் 17 வரை 1 கூடும். 4 முதல் 8 வரை 1 குறையும். 3 உள்ளவருக்கு 2 குறையும். வசீகரம் 18 உள்ளவர் பேசப் போனால், சமாதானமோ நட்போ கிடைக்கும் வாய்ப்பு 36இல் 10 என்பதிலிருந்து 21 ஆக உயரும். எனினும் பகைமைக்கு 3 வாய்ப்புகள் எஞ்சியிருக்கும். வசீகரம் 3 உள்ளவருக்கும் சமாதானத்துக்கு 36இல் 3 வாய்ப்புகள் மிஞ்சும். யாருக்கும் கதவு முழுதாக மூடவில்லை. யாருக்கும் முழுதாகத் திறக்கவும் இல்லை.

எங்கும் எதற்கும் உருட்ட வேண்டும் என்றும் அவர் சொல்லவில்லை. நடைப்பிணங்கள் போன்றவை எப்போதும் தாக்கும். அவற்றுக்குப் பகடை வேண்டாம். சூழலுக்கு ஏற்ற எதிர்வினை நடுவருக்கு ஏற்கெனவே தெரிந்தால் அதையே பயன்படுத்தலாம்.

விதியைவிட அதிகம் கற்றுத் தந்தது அந்நூலில் உள்ள ஒரு மாதிரிக் காட்சி.

ஒரு சிறு குழு இருக்கும் அறைக்குள் ஹாப்காப்ளின்கள் என்ற அரக்க இனத்தவர் நுழைகிறார்கள். குழுவிலுள்ள சில்வர்லீஃப் என்ற எல்ஃப் பாத்திரம் வெறுங்கைகளை நீட்டியபடி முன்னே வந்து, அவர்களுடைய மொழியிலேயே மரியாதையாக முகமன் கூறுகிறது. நடுவர் இதைக் கவனிக்கிறார். வெறுங்கைக்கும் தாய்மொழிப் பேச்சுக்கும் சேர்த்து 1 கூட்டலாம் என்று முடிவு செய்கிறார்.

பகடைகள் உருள்கின்றன. விழுந்தது 4. ஒன்று கூட்டினால் 5. நல்ல எண் அல்ல.

ஆனால் தாக்குதல் உடனே தொடங்கவில்லை. ஹாப்காப்ளின் தலைவன் குழுவை வெளியே போகச் சொல்லி அதட்டுகிறான். எல்ஃப் சமாளித்துப் பார்க்கிறது. தங்களை அனுப்பியவர் பெயர் என்று வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்கிறது. அந்தப் பெயர் கேரி. தலைவன் ஒன்றும் புரியாமல் விழிக்கிறான். நடுவர் மறுபடி உருட்டுகிறார். இந்த முறை கூட்டல் எதுவும் இல்லை. விழுந்தது 3.

ஹாப்காப்ளின்கள் பாய்ந்து தாக்குகின்றன.

பேச்சு தோற்றுப்போன இந்தக் காட்சிதான் விதியை முழுமையாக விளக்கியது. நல்ல நடத்தைக்கு ஒரு விலை உண்டு, அந்த விலை 1. பகை என்று விழுந்தாலும் உடனே வாள் பேசாது. இன்னொரு வார்த்தைக்கு இடம் உண்டு. பொருந்தாத பொய்க்குச் சலுகை கிடையாது. கடைசியில் பகடை சொன்னதற்கு நடுவரும் கட்டுப்பட்டார்.

◆

பேசுவதில் என்ன லாபம்?

ஓர் அட்டவணை மட்டும் ஆட்டக்காரர்களைப் பேசவைத்துவிடாது. பேசினால் லாபம் இருக்க வேண்டும். 1981 விதிகளில் அந்த லாபம் எண்களிலேயே தெரிந்தது.

போர்வீரர் பாத்திரம் முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு உயர 2,000 அனுபவப் புள்ளிகள் வேண்டும். ஆர்க் என்ற அரக்கன் ஒருவனைக் கொன்றால் கிடைப்பது 10. ஐந்து பேர் கொண்ட குழு ஐந்து ஆர்க்குகளைக் கொன்றால் தலைக்கு 10 புள்ளிதான் தேறும். இந்த வழியில் மட்டும் உயர வேண்டுமானால் ஒரே போர்வீரர் பங்குக்கு 200 ஆர்க்குகள் சாக வேண்டும்.

மறுபக்கம், நிலவறையிலிருந்து வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி. அந்தக் காசு சண்டையில் கிடைத்ததா, பேரத்தில் கிடைத்ததா, ஓசையில்லாமல் எடுத்ததா என்று யாரும் கேட்கவில்லை.

முன்பு நிலைமை இப்படி இல்லை. 1974 விதிகளில் கொன்ற உயிரின் நிலை ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளிகள் கிடைத்தன. 1975இல் வந்த 'கிரேஹாக்' இணைப்பு நூல் அதை வெகுவாகக் குறைத்தது. கொலையின் மதிப்பு சரிந்ததும் பேச்சின் மதிப்பு தானாக உயர்ந்தது.

உயிரின் விலையும் கூடவே நின்றது. புதிய போர்வீரரின் உயிர்ப்புள்ளி ஓர் எட்டுமுகப் பகடை. மந்திரவாதிக்கு நான்குமுகப் பகடை, நாளுக்கு ஒரே ஒரு மந்திரம். ஆர்க்கின் ஓர் அடி 1 முதல் 6 வரை எடுத்துவிடும். இரண்டு அடியில் கதை முடியும் பாத்திரத்துக்குப் பேச்சு வீரக்குறைவு அல்ல, பிழைப்பு.

எதிரிகளுக்கும் உயிராசை கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு வகைக்கும் 2 முதல் 12 வரை மன உறுதி எண் உண்டு. ஆர்க்குக்கு 8, எலும்புக்கூட்டுக்கு 12. சண்டையில் ஒருவர் விழுந்தாலோ பாதிப் பேர் வீழ்ந்தாலோ இரண்டு பகடைகளை உருட்டுவார்கள். அந்த எண்ணைத் தாண்டினால் எதிரிகள் ஓடுவார்கள் அல்லது பின்வாங்குவார்கள். சந்திப்பின் தொடக்கத்தில் எதிர்வினை, முடிவில் மன உறுதி. இரண்டுக்கும் நடுவில் மட்டுமே வாளுக்கு வேலை.

இந்த நான்கும் ஒன்றையொன்று தாங்கி நின்றன: பொற்காசுக்குப் புள்ளி, எளிதில் போகும் உயிர், எதிரியின் மன உறுதி, முதல் சந்திப்பின் உருட்டல். அட்டவணை மட்டும் தனியாக எதையும் சாதிக்கவில்லை.

◆

குழப்பக் குகைகள்

இந்த ஏற்பாடு எங்கே சிறப்பாக வேலை செய்தது என்று பார்க்க, மோல்ட்வேயின் பெட்டியோடு சேர்த்து விற்கப்பட்ட ஒரு சாகச நூல் போதும். கைகாக்ஸ் எழுதிய 'தி கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ்' அது.

எல்லைக் கோட்டை ஒன்று, அதற்கு அப்பால் 'குழப்பக் குகைகள்' என்ற பள்ளத்தாக்கு. அங்கே கோபால்டுகள், இரண்டு ஆர்க் குலங்கள், காப்ளின்கள், ஹாப்காப்ளின்கள், நால்கள், பக்பேர்கள் என்று பல அரக்க இனங்கள் அருகருகே குடியிருக்கின்றன. முதல் நிலைக் குழு ஒன்று எல்லோரையும் எதிர்த்துப் போரிட்டால் நிச்சயம் மடியும்.

ஆனால் அவர்கள் ஒருவரை ஒருவர் நேசிப்பவர்கள் அல்லர். குலங்களுக்கு இடையே உறவும் பகையும் உண்டு. கூர்மையான ஆட்டக்காரர்கள் ஒரு குலத்தை இன்னொன்றின் மேல் ஏவிவிட முடியும் என்று நூலே குறிப்புத் தந்தது. காப்ளின்கள் தங்களுக்கு ஆபத்து வந்தால் பக்கத்துக் குகையில் வசிக்கும் ஓகர் என்ற ராட்சதனிடம் 250 பொற்காசு கொண்ட மூட்டையை வீசி உதவி வாங்குகின்றன. காப்ளினுக்கே பேரம் பேசத் தெரியும்போது ஆட்டக்காரருக்குத் தெரியாதா?

எந்தக் குலம் கூட்டாளி ஆகும் என்பதை நூல் முன்கூட்டியே எழுதி வைக்கவில்லை. ஓர் ஊரில் ஆடிய குழுவுக்கு ஆர்க்குகள் நண்பர்களாக அமையலாம். அடுத்த ஊரில் அதே ஆர்க்குகள் முதல் நாளே குழுவைத் தீர்த்துக்கட்டலாம். ஒரே நூல் ஒவ்வொரு மேசையிலும் வேறு கதையானது. அதற்குக் காரணங்களில் ஒன்று அந்த இரண்டு பகடைகள்.

◆

திருப்பம்

சறுக்கல் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. மூன்று திசைகளிலிருந்து வந்தது.

முதலாவது, கதை. 1984இல் 'டிராகன்லான்ஸ்' சாகச வரிசை தொடங்கியது. ட்ரேசி ஹிக்மனும் அவருடன் சேர்ந்தவர்களும் ஒரு நாவலைப் போலத் தொடரும் பெருங்கதையை உருவாக்கினர். அதில் யார் வில்லன், யார் துணைவன், யார் எப்போது துரோகம் செய்வார் என்பது கதையின் தேவைக்கேற்ப எழுதப்பட்டது. எழுதி முடித்த மனத்துக்குப் பகடை தேவையில்லை. நடுவர் மெல்ல மெல்லக் கதைசொல்லி ஆனார்.

இரண்டாவது, போட்டி நிறுவனங்களின் ஆட்டங்கள் போன வேறு பாதை. 1986இல் டெக்சஸ் மாநிலத்தின் ஸ்டீவ் ஜாக்சன் வெளியிட்ட 'கர்ப்ஸ்' ஆட்டத்தில் எதிர்வினைக்கு மூன்று பகடைகள். 10 முதல் 12 வரை நடுநிலை. அதற்கு மேலே நல்லது, கீழே கெட்டது. அழகு, நற்பெயர், சமூகத் தகுதி, இழிபெயர் ஒவ்வொன்றும் அந்த எண்ணைக் கூட்டும் அல்லது குறைக்கும். பாத்திரத்தை உருவாக்கும்போதே ஆட்டக்காரர் தன் புள்ளிகளைச் செலவழித்து அந்நியரின் நல்லெண்ணத்தை விலைக்கு வாங்க முடிந்தது. முதல் சந்திப்பு, வரும் வழியில் நேரும் விபத்தாக இருந்த காலம் போய், முன்கூட்டியே போட்ட முதலீடாக மாறியது.

மூன்றாவது, கணக்கு. இதுவே பலமான அடி.

1989இல் டேவிட் குக் முன்னின்று எழுதிய 'அட்வான்ஸ்டு' இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. எதிர்வினை அட்டவணை அதில் நீக்கப்படவில்லை. மாறாக, இன்னும் நுட்பமாக்கப்பட்டது. பத்துமுகப் பகடை இரண்டு. குழு நட்பாக வருகிறதா, அலட்சியமாக வருகிறதா, மிரட்டலாக வருகிறதா, பகையோடு வருகிறதா என்பதைப் பொறுத்து வெவ்வேறு பத்திகள். மிரட்டினால் எதிராளி பயந்து ஓடவும் வழி உண்டு. ஆட்டக்காரரின் நடத்தையை நேரடியாகக் கணக்கில் எடுத்த வகையில் அதற்கு முன் டி.எஸ்.ஆர். வெளியிட்ட எந்த அட்டவணையும் இதற்கு ஈடில்லை.

ஆனால் அதே பதிப்பு, பொற்காசுக்கு அனுபவப் புள்ளி என்ற விதியை விருப்பம் இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்ற இடத்துக்குத் தள்ளியது. எதிரிகளை வீழ்த்துவது புள்ளி சேர்க்கும் முதன்மையான வழிகளில் ஒன்றானது.

தாங்கி நின்ற நான்கு தூண்களில் ஒன்று இப்படிக் கழன்றது. ஆர்க்கோடு பேசி வழி வாங்கினால் காசு மிஞ்சலாம், புள்ளி மிஞ்சாது. சண்டையைத் தவிர்ப்பவர் வளர்ச்சியைத் தவிர்ப்பவர் ஆனார். மிகச் சிறந்த எதிர்வினை அட்டவணை அச்சானபோது, அதைப் பயன்படுத்த வேண்டிய காரணம் பாதி போயிருந்தது.

நூலில் அட்டவணை இருந்தும் பல மேசைகளில் அந்தப் பக்கம் புரட்டப்படாமலே கிடந்தது. எதிர்ப்படும் ஆர்க் என்றால் சண்டை என்பது எழுதப்படாத விதியாக வளர்ந்தது. எதிர்வினை உருட்டலை எந்தப் பதிப்பாளரும் தடைசெய்யவில்லை. ஊதிய விதி மாறியதும் அது தானாகவே ஓரம்போனது. 1974 முதல் 1989 வரையிலான இந்தப் பதினைந்து ஆண்டுகள் தரும் தீர்ப்பு இதுவே: ஓர் ஆட்டத்தில் ஆட்டக்காரர் எதற்காகப் பரிசு பெறுகிறாரோ, அதையே செய்வார்.

1997இல் டி.எஸ்.ஆர். நிறுவனத்தை விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வாங்கியது. 2000இல் மூன்றாம் பதிப்பு வந்தது. அதில் அந்நியரின் மனநிலையை மாற்றும் வேலை, நடுவர் உருட்டும் இரண்டு பகடைகளிலிருந்து ஆட்டக்காரர் உருட்டும் இருபதுமுகப் பகடைக்கு மாறியது. பேச்சுத் திறமை என்பது வாள் வித்தையைப் போல நிலைக்கு நிலை வளர்க்கக்கூடிய ஒரு திறனானது. போதிய எண் சேர்த்துவிட்ட ஆட்டக்காரர் கொலைவெறியோடு வரும் எதிரியையும் ஒரு நிமிடப் பேச்சில் நண்பனாக்க முடிந்தது.

அப்படியானால் அந்நியரின் மனம் இனி யாருக்குச் சொந்தம்: நடுவருக்கா, பகடைக்கா, ஆட்டக்காரருக்கா?

(அடுத்த வாரம்)